வெந்நீரைக் கண்டு பயந்த வருஷம்

முப்பத்தொரு வருஷம் பஸ் கண்டக்டராக வேலை பார்த்தவன் நான். சங்கரன்கோவிலிலிருந்து திருவேங்கடம் போகிற டவுன் பஸ்ஸில் பாதிக் காலம், திருநெல்வேலி பஸ்ஸில் மீதிக் காலம். கரிசல் மண் எழுந்தால் சும்மா எழாது. காதுக்குள், கழுத்து மடிப்புக்குள், சட்டைக் காலருக்குள் எல்லாம் போய் உட்கார்ந்துகொள்ளும். டியூட்டி முடிந்து வீட்டுக்கு வந்ததும் எனக்கு முதலில் வேண்டியது சாப்பாடு இல்லை, வெந்நீர்.

சூடு என்றால் மற்றவர்கள் விரலை வைத்து உடனே இழுத்துக்கொள்ளும் சூடு. சித்திரை வெயிலிலும் எனக்கு அப்படித்தான் வேண்டும். முதல் கப்புத் தண்ணீர் தோளில் விழும்போது மூச்சு ஒரு கணம் நிற்கும். இரண்டாவது கப்பில் நாள் முழுக்க நின்ற இடுப்பு இளகும். உடம்பெல்லாம் சிவந்துபோய் வெளியே வருவேன். "கோழிய வென்னியில முக்கி எடுத்த மாதிரில்லா வாரீக" என்று மனைவி சொல்லுவாள். எனக்கு அதில் ஒரு பெருமைகூட இருந்தது.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. விறகு அடுப்பில் அண்டா வைத்த காலம் போய், பாத்ரூமில் கீசர் மாட்டினோம். மகள் கோயம்புத்தூரில் இருக்கிறாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். வருஷம் ஏற ஏறத் தண்ணீர் சூடு எனக்குப் பற்றவில்லை. "கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான்" என்று கீசரைத் திட்டி, அதன் அடியில் இருக்கிற, சூட்டைக் கூட்டிக் குறைக்கிற திருகைக் கூட்டிக்கொண்டே போனேன். போன வருஷம் அது கடைசி அளவில் போய் நின்றது. அப்போது எனக்கு அறுபத்தெட்டு வயது.

முதல் தடவை நடந்தது ஐப்பசியில். குளித்து முடித்துத் துண்டை எடுக்கக் கையைத் தூக்கினேன். காதுக்குள் நின்றுகொண்டிருக்கிற பஸ்ஸின் என்ஜின் போல ஒரு இரைச்சல். டியூப் லைட் வெளிச்சம் ஓரங்களிலிருந்து கருகிக்கொண்டு வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு நிமிஷம் இருக்கும். பிறகு எல்லாம் தெளிந்தது. நெற்றியில் மட்டும் குளிர்ந்த வியர்வை. வெந்நீரில் குளித்தவனுக்குக் குளிர்ந்த வியர்வை எப்படி வரும்?

வெளியே வந்து, ஒன்றும் நடக்காததுபோல இட்லி சாப்பிட்டேன். வெறும் வயிறு, அதனால்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பத்து நாள் கழித்து மறுபடியும் வந்தது. அன்று சாப்பிட்டுவிட்டுத்தான் குளிக்கப் போயிருந்தேன். அதையும் மனைவியிடம் சொல்லவில்லை. சொன்னால் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போவாள். அதைவிட, சொல்லிவிட்டால் அது நிஜமாகிவிடும் என்று ஒரு பயம். ஓடுகிற பஸ்ஸில், கம்பியைப் பிடிக்காமல், இரண்டு கையாலும் டிக்கெட் கிழித்துக்கொண்டு நின்றவன் நான். அசையாத தரையில் நிற்க முடியவில்லை என்று எந்த வாயால் சொல்வது?

கார்த்திகை மாதம் ஒரு காலை. இரவெல்லாம் பெய்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. பிரஷர் மாத்திரையை அந்த வாரம்தான் கூட்டியிருந்தார்கள். விழுங்கிவிட்டு நேராகக் குளிக்கப் போனேன். குளிருக்கு வெந்நீர் அவ்வளவு சுகமாக இருந்தது. வழக்கத்தைவிட அதிக நேரம் ஊற்றிக்கொண்டேன். கடைசியில் குழாயைத் திறந்து வாளியில் விட்டபடி, குனிந்து பாதத்தைத் தேய்த்தேன். பிறகு நிமிர்ந்தேன்.

நிமிர்ந்தது வரைதான் ஞாபகம்.

கண் திறந்தபோது என் முகத்துக்கு நேரே வாளியின் அடிப்பாகம் தெரிந்தது. ஏன் இவ்வளவு பெரிய வாளி என்று யோசித்தேன். நான் தரையில் கிடக்கிறேன் என்று புரியச் சற்று நேரம் ஆனது. இடது புருவத்திலிருந்து ஏதோ ஒழுகியது. வாளி நிரம்பி வழிந்து, தண்ணீர் என் முதுகுக்கு அடியில் ஓடிக்கொண்டிருந்தது. முதலில் வெதுவெதுப்பாக. பிறகு சூடாக. தண்ணீர் போகும் துளைக்கு மேலேயே என் தோள் கிடந்ததால் அது போக வழியில்லாமல் தேங்க ஆரம்பித்தது. எழுந்திருக்க வேண்டும் என்று மனசு சொல்கிறது. காலும் கையும் வேறு யாருடையதோ போலக் கிடக்கின்றன.

"என்னங்க... என்ன சத்தம் அது?"

மனைவியின் குரல். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். வெறும் காற்றுதான் வந்தது.

"என்னங்க! விழுந்திட்டீகளா? கதவத் தொறங்க!"

கதவை உள்ளே கொண்டி போட்டிருந்தேன். இரண்டு பேர் மட்டும் இருக்கிற வீட்டில் யாருக்காகக் கொண்டி போட்டேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவள் கதவைத் தட்டினாள், பிறகு அடித்தாள். கீசர் சுவிட்ச் வெளியேதான் இருக்கிறது. அதை அணைக்கிற சத்தம் கேட்டது. ஆனால் டாங்கியில் இருந்த வெந்நீர் நின்றபாடில்லை. அவள் ஓடுகிற சத்தமும் கேட்டது. அப்புறம் வீடே அமைதியாகிவிட்டது. என் வாழ்க்கையில் அவ்வளவு பயந்தது அந்த அமைதியில்தான். தண்ணீர் காதை எட்டிக்கொண்டிருந்தது. வெந்நீரில் கிடந்து வெந்துபோவேனா, மூச்சு முட்டிப் போவேனா என்று ஒரு பக்கம். மறுபக்கம், துணியில்லாமல் கிடக்கிறேனே, யார் வந்து பார்க்கப் போகிறார்கள் என்ற வெட்கம். அந்த நேரத்திலும் வெட்கம் போகவில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் தறி ஓட்டுகிறவர். ஐம்பது வயது இருக்கும். அவரைத்தான் கூட்டிக்கொண்டு வந்தாள். "அண்ணாச்சி, காலு கதவுப் பக்கம் இருந்தா மடக்கிக்கிடுங்க" என்று கத்திவிட்டு அந்த பிளாஸ்டிக் கதவின் கீழ்ப்பாதியை மிதித்தார். மூன்றாவது மிதியில் உடைந்தது. கையை விட்டுக் கொண்டியை எடுத்தார். உள்ளே வந்ததும் முதல் காரியமாகத் தன் தோளில் கிடந்த துண்டை என்மேல் போட்டார். குழாயை மூடியது அதற்குப் பிறகுதான். அதை நான் மறக்க மாட்டேன்.

புருவத்தில் மூன்று தையல். முதுகில் சிவந்துபோன இடம் ஒரு வாரத்தில் ஆறிவிட்டது. தலையை ஸ்கேன் எடுக்கத் திருநெல்வேலி வரை போனோம், உள்ளே ஒன்றுமில்லை. எங்கள் ஊர் டாக்டரம்மா என்னைப் படுக்கவைத்து பிரஷர் பார்த்தார். உடனே எழுந்து நிற்கச் சொல்லி மறுபடியும் பார்த்தார். இரண்டுக்கும் இடையில் ரொம்ப வித்தியாசம்.

"ஐயா, வென்னிய ஊத்துனா தோலுக்கு அடியில இருக்க ரத்தக்குழாய் எல்லாம் விரிஞ்சிரும். ரத்தம் பூரா அங்கன போயிரும். அதனாலதான் நீங்க செவந்து போறது. சின்ன வயசுல இதயம் வேகமா அடிச்சு அதச் சரிக்கட்டிரும். இப்ப அதுக்கு அந்த வேகம் இல்ல. மாத்திரையும் பிரஷரக் குறைக்கும். அதோட குனிஞ்சு நிமிந்தா மூளைக்கு எங்கிட்டு ரத்தம் போகும்?"

"நாப்பது வருஷமா இப்படித்தானம்மா குளிக்கேன்."

"வென்னி மாறல ஐயா. நீங்க மாறிட்டீங்க."

மாத்திரையை ராத்திரிக்கு மாற்றினார். வெதுவெதுப்பான தண்ணீர் போதும், ஸ்டூலில் உட்கார்ந்து குளிக்க வேண்டும், பத்து நிமிஷத்துக்கு மேல் கூடாது, எழுந்திருக்கும் முன் கொஞ்ச நேரம் சும்மா உட்கார வேண்டும், கொண்டி போடவே கூடாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, எனக்குக் குளிக்கவே பயம் வந்துவிட்டது என்று. பாத்ரூம் வாசலில் போய் நிற்பேன். புதுக் கதவு மாட்டியாயிற்று. ஈரத் தரையைப் பார்த்ததும் அந்த வாளியின் அடிப்பாகம் கண்ணுக்கு முன்னால் வரும். உள்ளே போய்க் குழாயைத் திறந்து சத்தம் வரும்படி தண்ணீரைத் தரையில் ஊற்றுவேன். முடியை நனைத்துக்கொண்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வருவேன். நாலு நாள் அப்படி ஓடியது. ஐந்தாம் நாள் மனைவி கொடியில் கிடந்த என் துண்டை எடுத்துப் பார்த்தாள்.

"துண்டு காஞ்சு கெடக்கு. நீங்க குளிக்கவே இல்ல, என்ன?"

நான் துண்டை அவள் கையிலிருந்து வாங்கி மறுபடியும் கொடியில் போட்டேன்.

"ஏங்க, பயமா இருக்கா?"

அவள் அப்படிக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. கல்யாணமாகி நாற்பது வருஷத்தில் அந்தக் கேள்வியை அவள் என்னிடம் கேட்டதில்லை.

மறுநாள் அவள் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து பாத்ரூம் கதவுக்கு வெளியே போட்டு உட்கார்ந்தாள். "நீங்க உள்ள பேசிக்கிட்டே இருக்கணும். பேச்சு நின்னா நான் உள்ள வந்திருவேன்" என்றாள். குளித்துக்கொண்டே என்னத்தைப் பேசுவது? வேறு எதுவும் வராமல், "பனவடலிசத்திரம் இறங்கு... தேவர்குளம் இறங்கு..." என்று ஸ்டாப்பிங் பெயர்களைச் சொல்ல ஆரம்பித்தேன். மானூர் வருவதற்குள் குளித்துவிடுவேன். வெளியே அவள் சிரிப்பது கேட்கும். ஆனால் எழுந்து நிற்கிற கணத்தில் ஒவ்வொரு நாளும் என் குரல் நடுங்கும். அப்போது அவளும் சிரிக்க மாட்டாள்.

இப்படி என்னைக் காவல் காத்துக்கொண்டிருந்தவளை யார் காவல் காப்பது என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவளுக்குப் பதினாறு வருஷமாகச் சுகர். ஆனால் தலை சுற்றி விழுந்தவன் நான். டாக்டரம்மா சொன்னதெல்லாம் எனக்கு என்றுதான் இரண்டு பேரும் நினைத்தோம். எனக்குக் கீசர் தண்ணீரில் பச்சைத் தண்ணீர் கலந்து வைப்பாள். கீசரின் திருகோ கடைசி அளவிலேயே நின்றது.

தை பிறந்தும் பனி விடவில்லை. ஒரு நாள் காலை, கால் குடைச்சலாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, பிளாஸ்டிக் பேசினில் வெந்நீரும் கல் உப்பும் போட்டுக்கொண்டு, பாத்ரூமில் ஸ்டூலில் உட்கார்ந்து காலை உள்ளே வைத்திருக்கிறாள். அப்படியே மேலுக்கும் குளித்திருக்கிறாள். நான் கூடத்தில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று அவள் உள்ளே போய் ரொம்ப நேரம் ஆகிவிட்டது என்று உறைத்தது. நாற்காலி கதவுக்கு வெளியே காலியாகக் கிடந்தது.

"ஏட்டி!"

பதிலில்லை. பேப்பரைப் போட்டுவிட்டு எழுந்தேன். வேகமாக எழுந்ததில் எனக்கே கண் இருட்டியது. சுவரைத் தடவிக்கொண்டே கதவுவரை போனேன்.

"ஏட்டி, என்ன செய்தே உள்ள?"

"எதுக்கு இப்படிக் கத்துதீக? குளிச்சிக்கிட்டுதான் இருக்கேன். காலுக்கு இதமா இருக்கு."

எனக்கு உயிர் வந்தது. அவள் நன்றாகத்தான் வெளியே வந்தாள், சேலை கட்டினாள், சோறு பொங்கினாள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்தாள். தற்செயலாக அவள் பாதத்தைப் பார்த்தேன். இரண்டு பாதத்திலும் விரல்களுக்கு மேலே தோல் வெள்ளையாக எழும்பி, உள்ளே நீர் கோத்துக்கொண்டு நின்றது. வலது காலில் ஒரு கொப்புளம் உடைந்து, தோல் காகிதம் மாதிரி சுருண்டிருந்தது. அந்தக் காலோடுதான் அவள் காலையிலிருந்து வீடு பூராவும் நடந்திருக்கிறாள்.

"ஏட்டி, காலப் பாரு."

எழுந்து உட்கார்ந்து பார்த்தாள். வேறு யாருடைய காலையோ பார்க்கிற மாதிரிப் பார்த்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்:

"எனக்கு வலிக்கவே இல்லியே."

என் உடம்பு என்னைக் கீழே தள்ளினாலும், முன்னால் இரண்டு தடவை எச்சரித்திருந்தது. அவள் உடம்பு ஒன்றுமே சொல்லவில்லை. வெந்துகொண்டிருக்கும்போது இதமாக இருக்கிறது என்று அவளிடம் பொய் சொல்லியிருக்கிறது.

டாக்டரம்மா கட்டுப் போட்டுக்கொண்டே கேட்டார், "கால வைக்கும்போது சூடு தெரியலையாம்மா?"

"தெரிஞ்சுது. கொஞ்சம் வெதுவெதுன்னு."

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "சுகர்ல கால் நரம்பு மரத்துப் போயிருக்கு ஐயா. வயசானா தோலும் மெலிஞ்சிரும். உங்களுக்குச் சும்மா செவக்கிற சூட்டுல இவங்களுக்குத் தோலு பொத்துப் போகும். புண் ஆற நாளாகும். தெனமும் கட்டு மாத்தணும், தண்ணி படக்கூடாது."

அதன் பிறகு எங்கள் காலை நேரம் மாறிப்போயிற்று. அவள் காலை ஸ்டூலில் தூக்கிவைத்து, பழைய கட்டைப் பிரிப்பேன். "வலிக்கா?" என்று கேட்பேன். "இல்ல" என்பாள். வலிக்கிறது என்று ஒரு தடவை சொல்ல மாட்டாளா என்று இருக்கும். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து வலது கால் சுண்டுவிரல் ஓரத்தில் ஒரு கறுப்பு தெரிந்தது. துடைத்தேன். போகவில்லை.

டாக்டரம்மா அதை ரொம்ப நேரம் பார்த்தார். "ரெண்டு நாள் பார்ப்போம். பரவுனா திருநெல்வேலி போயிரணும்" என்றார். எதற்கு என்று அவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. எங்கள் தெருவில் சுகரில் விரலில் ஆரம்பித்து முழங்கால் வரை எடுத்தவர் ஒருவர் இருக்கிறார். திரும்பி வரும்போது ஆட்டோ அவர் வீட்டைத் தாண்டித்தான் வந்தது. அவள் அந்தப் பக்கம் பார்க்காமல் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அந்த இரண்டு நாளும் அரை மணிக்கு ஒரு தடவை டார்ச் அடித்து அந்த விரலைப் பார்த்தேன். கறுப்பைச் சுற்றிப் பேனாவால் ஒரு கோடு போட்டு வைத்தேன், பரவினால் தெரியட்டும் என்று. "பஞ்சாயத்துக்காரன் எல்லை போடுத மாதிரி போடுதீக" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சொல்லி முடித்ததும் முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

பக்கத்து வீட்டுக்காரர் விசாரிக்க வந்தபோது, கீசரைக் குறைத்துவைக்க வேண்டும் என்று சொன்னேன். அவர் குழாயைத் திறந்து கையை நீட்டினார். நீட்டிய வேகத்தில் இழுத்துக்கொண்டார்.

"ஐயோ அண்ணாச்சி, இது கொதிக்கில்லா! இதுலயா குளிச்சீக?"

நான் என் முழங்கையை அந்தத் தண்ணீரில் நீட்டினேன். சூடாகத்தான் இருந்தது. ஆனால் இழுத்துக்கொள்ளுகிற அளவுக்கு இல்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் கையை எடுக்காமல் வைத்துக்கொண்டு நின்றேன். கீசர்க்காரன் ஏமாற்றவில்லை. வருஷா வருஷம் என் தோல்தான் மரத்துக்கொண்டே வந்திருக்கிறது. அதற்கு ஈடுகட்ட நான் திருகைக் கூட்டிக்கொண்டே வந்திருக்கிறேன். அவள் கால் வெந்ததற்கு நான்தான் காரணம். அவர் திருகை நன்றாகக் குறைத்துவைத்தார். நான் அன்று மனைவியிடம் அதைச் சொன்னேன்.

"தெரிஞ்சா செய்தீக?" என்று மட்டும் கேட்டாள். அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டாள். நான் இன்னும் விடவில்லை.

கறுப்பு கோட்டைத் தாண்டவில்லை. மூன்றாம் நாள் டாக்டரம்மா பார்த்துவிட்டு மூச்சு விட்டார். அது செத்த தோல், அடியில் நல்ல சதை இருக்கிறது என்றார். ஒரு வாரம் கழித்து அது உரிந்து வந்தபோது அடியில் ரோஸ் நிறத்தில் புதுத் தோல் தெரிந்தது. முழுக்க ஆறப் பங்குனி ஆனது. சுண்டுவிரல் நகம் மட்டும் போய்விட்டது.

விஷயம் தெரிந்து மகள் ஓடி வந்தாள். போகும்போது, கைக்குழந்தைகளைக் குளிப்பாட்டும்போது தண்ணீரில் போட்டுப் பார்க்கிற தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனாள். "அப்பா, உங்க கையையும் நம்பாதீங்க, அம்மா காலையும் நம்பாதீங்க. இத மட்டும் நம்புங்க" என்றாள். இப்போது வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், அப்புறம் வெந்நீர், அப்புறம் அந்த தெர்மாமீட்டர். எண் சரியாக வந்த பிறகுதான் கப்பைத் தொடுவோம். எனக்கு அந்தத் தண்ணீர் குளிர்ந்துபோனது மாதிரிதான் இருக்கும். நடுங்கிக்கொண்டே ஊற்றிக்கொள்வேன்.

பயம் போய்விட்டதா என்று டாக்டரம்மா கேட்டார். போகவில்லை. இப்போது ஒருவர் குளிக்கும்போது மற்றவர் வெளியே உட்கார்ந்திருக்கிறோம். போன வாரம் நான் வெளியே இருந்தேன். உள்ளே அவள் திடீரென்று சொன்னாள்:

"ஏங்க, நான் மொதல்ல போயிட்டா, நீங்க குளிக்கும்போது வெளியே யாரு இருப்பா?"

"சும்மா இரு, ஏட்டி. குளி."

"நீங்க மொதல்ல போயிட்டா எனக்கு யாரு?"

தண்ணீர் ஊற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. அவள் வெளியே வந்ததும், அவள் கால் விரல்களுக்கு நடுவே நான் துடைத்துவிட்டேன். பிறகு காபி குடித்தோம்.

வெயில் ஏறியதும் பஜாருக்குப் போய் வீட்டுச் சாவிக்கு ஒரு மாற்றுச் சாவி வெட்டிக்கொண்டு வந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் தறியை நிறுத்திவிட்டு வெளியே வந்தார்.

"தம்பி, இது உங்ககிட்ட இருக்கட்டும். காலைல எட்டு மணிக்கு எங்க வீட்டுல சத்தம் எதுவும் கேக்கலன்னா, ஒரு குரல் குடுங்க. பதில் வரலன்னா தொறந்து வந்திருங்க."

எதற்கு என்று அவர் கேட்கவில்லை. சாவியை வாங்கித் தன் வீட்டு நிலைப்பக்கம் இருந்த ஆணியில் மாட்டினார். "நான் ஊர்ல இல்லாத அன்னைக்கு எங்க வீட்டுக்காரிகிட்டச் சொல்லி வைக்கேன் அண்ணாச்சி" என்றார். பிறகு உள்ளே போய்த் தறியை ஓட்டினார்.